கொலைகாரனைத் தப்பவிட்டால் சாமி குத்தமா?

1956-இல் வெளிவந்த 'தி பேட் சீட்' படத்தின் வில்லிக்கு வயது எட்டு. இரட்டைப் பின்னலும் கசங்காத கவுனுமாக வளையவரும் ரோடா, கையெழுத்துப் போட்டியில் தனக்கு வரவேண்டிய பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போன வகுப்புத் தோழனைக் கொன்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுக்கு வந்து சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு விளையாடக் கிளம்புகிறவள். வில்லியம் மார்ச் எழுதிய மூல நாவலில், மகளின் குணத்தைத் தெரிந்துகொண்ட தாய் அவளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகிறாள். மகள் பிழைத்துக்கொள்கிறாள். நாடகமாக மேடையேறியபோதும் முடிவு அதுதான். படத்திலோ தாய் உயிர் தப்புகிறாள். புயல் இரவில் பதக்கத்தைத் தேடி நீர்த்துறைக்குப் போகும் ரோடாவின் மேல் இடி விழுகிறது.

ஆம், நிஜமாகவே இடி. சட்டத்தால் தொடமுடியாத குழந்தையை வானத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதுவும் போதாதென்று, படம் முடிந்த பிறகு நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து வணங்க, தாயாக நடித்தவர் மகளாக நடித்த சிறுமியை மடியில் குப்புறக் கிடத்தி நாலு அடி போடுகிறார்.

இந்த இடி எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. அமெரிக்க ஸ்டூடியோக்கள் 1930-இல் ஏற்றுக்கொண்டு, 1934 முதல் ஜோசப் ப்ரீன் என்ற அதிகாரியின் கீழ் கறாராக அமல்படுத்திய 'ஹேஸ் கோடு' என்னும் தணிக்கை விதிகளின் உபயம் அது. குற்றம் செய்தவன் மேல் பார்வையாளரின் அனுதாபம் சாயக்கூடாது, குற்றம் லாபகரமாக முடியக்கூடாது என்பது அதன் உயிர்நாடி. அதை வரைந்தவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியார். இன்னொருவர் மார்ட்டின் குவிக்லி என்ற கத்தோலிக்கப் பத்திரிகை அதிபர். த்ரில்லர் என்றால் கடைசி ரீலில் குற்றவாளி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ரசிகனின் இயல்பான ஆசை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதி, மறுமையில் கிடைக்கும் தீர்ப்பை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்ன ஒரு பாதிரியாரின் ஆசை.

அப்படியானால் மீதிப் பாதி என்ன? பார்வையாளன் உண்மையில் எதிர்பார்ப்பது தண்டனையைத்தானா?

ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கும் லண்டனில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தவர்தான். சஸ்பென்ஸ் பற்றி அவர் சொன்ன பிரபலமான விளக்கத்தில், மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரியும், மேசையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லாம் தெரியும், எதையும் தடுக்க முடியாது. இறையியல் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டும் சிக்கலை ஒரு டிக்கெட் காசில் நம் தலையில் கட்டிவிடும் ஏற்பாடு இது. கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியுமென்றால் ஏன் சும்மா இருக்கிறார் என்று கேட்பவன், அந்த இருக்கையில் தானே உட்கார்ந்து நகம் கடிக்கிறான். ஆனால் அவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: இவ்வளவு நேரம் பதறவைத்த இயக்குநர் அப்பாவியைக் காப்பாற்றிவிடுவார். 1936-இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில் ஹிட்ச்காக் அந்த நம்பிக்கையை உடைத்தார். தன் கையிலிருப்பது குண்டு என்றே தெரியாத சிறுவன் பஸ்ஸில் போகிறான். குண்டு வெடித்து, பஸ்ஸோடு சாகிறான். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அது தவறுதான் என்று பிற்பாடு ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார்.

'சைக்கோ'வில் (1960) அவர் வேறு சோதனை செய்தார். கொலையுண்ட பெண்ணின் உடலோடு காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான் நார்மன் பேட்ஸ். கார் பாதி மூழ்கி, ஒரு கணம் நின்றுவிடுகிறது. அரங்கத்தில் அத்தனை பேருக்கும் மூச்சு நிற்கிறது, முழுதாக மூழ்கிவிட வேண்டுமே என்று! தடயம் அழிய வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள், சற்றுமுன் அந்தப் பெண்ணுக்காக அலறிய அதே ஆட்கள். ஹேஸ் கோடு அஞ்சியது இதற்குத்தான். நார்மன் பிடிபட்டபின் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் நீளமாக விளக்குகிறார். படத்திலேயே தட்டையான இடம் அது என்று குறைசொல்லாதவர் குறைவு.

விளக்கம் கேட்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்க, மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து பழைய கதையைச் சொல்கிறது. முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொலைக்களத்துக்கு அனுப்பியவனாம். ஊழ்வினைக் கோட்பாட்டுக்கு இருக்கும் வசதி இது: கணக்குத் தீர்க்க அதற்குப் பல பிறவிகள் உண்டு. ஹாலிவுட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. இடியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

1968-இல் ஹேஸ் கோடு போய்த் தரச்சான்று முறை வந்தது. கொலைகாரர்கள் தாராளமாகத் தப்பத் தொடங்கினார்கள். ரசிகன் அரங்கை விட்டு ஓடிவிடவில்லை. வுடி ஆலனின் 'கிரைம்ஸ் அண்ட் மிஸ்டிமீனர்ஸ்' (1989) இதை நேருக்கு நேர் விவாதித்த படம். கண் மருத்துவர் ஜூடா, தன்னை மிரட்டும் காதலியை ஆள்வைத்துக் கொல்கிறார். கடவுளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அப்பா சொல்லி வளர்த்த யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். முதலில் நடுங்குகிறார், நாளாவட்டத்தில் நடுக்கம் நிற்கிறது. அவரிடம் வைத்தியம் பார்க்கும் நல்லவரான யூத குருவுக்கோ கண்பார்வையே போய்விடுகிறது. கடைசியில் ஒரு திருமண வீட்டில், தன் கதையை யாரோ ஒருவனின் கதைபோல ஒரு திரைப்பட இயக்குநரிடம் சொல்கிறார் ஜூடா. கொலைகாரன் சரணடைந்தால்தான் அது துன்பியல் ஆகும், கடவுள் இல்லாத இடத்தில் அவனே பொறுப்பேற்க வேண்டும் என்கிறார் இயக்குநர். அதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டு மனைவியோடு கிளம்பிவிடுகிறார் ஜூடா.

சினிமாவில்கூட நடக்க வேண்டியதில்லை என்று காட்டியவர் ஜீத்து ஜோசப். 2013-இல் வந்த 'த்ரிஷ்யம்', 2015-இல் அவரே தமிழில் எடுத்த 'பாபநாசம்' இரண்டிலும், நான்காம் வகுப்பைத் தாண்டாத கேபிள் டிவிக்காரர் ஒருவர், மகளின் கையால் நேர்ந்த மரணத்தை மறைத்து, கட்டிக்கொண்டிருக்கும் காவல் நிலையத்துக்கு அடியிலேயே உடலைப் புதைக்கிறார். போலீஸ் தோற்கிறது; அரங்கம் கைதட்டுகிறது. இதே கதையை 2019-இல் சீனாவில் எடுத்தபோது நாயகன் கடைசியில் சரணடைந்துவிடுகிறான். ஹேஸ் கோடு செத்தாலும் அதன் ஆவி வேறு நாடுகளில் உலவத்தான் செய்கிறது.

'பாபநாசம்' பார்த்துக் கைதட்டியவர்களை அறம் கெட்டவர்கள் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அந்தக் கடைசிக் காட்சியில் காவல் நிலையத்தின் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. போலீஸுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அந்தத் திருப்தி நமக்குப் போதுமானதாக இருக்கிறது. ஜூடா தப்பும்போதும் அப்படித்தான்: அவர் அப்பா சொன்ன கண் வானத்தில் இருக்கிறதோ இல்லையோ, திரைக்கு எதிரே சில நூறு கண்கள் இருக்கின்றன. த்ரில்லர் ரசிகன் தண்டனை இல்லாத உலகத்தைப் பொறுத்துக்கொள்வான். யாருமே பார்க்காமல் ஒரு கொலை நடந்து, யாருக்குமே தெரியாமல் போகும் உலகத்தை அவனால் தாங்க முடியாது. கடவுளிடம் அவன் உண்மையில் எதிர்பார்ப்பது நீதிபதி வேலையை அல்ல, சாட்சி வேலையை.

அதனால்தான் பாங் ஜூன்-ஹோ 2003-இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' இன்றும் நெஞ்சை அறுக்கிறது. 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசாங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்த படம் அது. கொலைகாரன் யாரென்று போலீஸுக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இறுதிக் காட்சியில் துப்பறிவாளர் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் என்றாவது அரங்கில் வந்து உட்காரக்கூடும் என்று எண்ணியே அப்படி வைத்ததாகப் பாங் சொல்லியிருக்கிறார்.

2019-இல் மரபணுச் சோதனை அவனைக் காட்டிக்கொடுத்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் கைதியாகச் சிறையில் இருந்தான். ஹ்வாசாங் கொலைகளுக்கு வழக்குத் தொடுக்கும் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டதால் அவற்றுக்காக அவனைத் தண்டிக்க முடியவில்லை. அவன் ஒப்புக்கொண்ட கொலைகளில், 1988-இல் பதின்மூன்று வயதுச் சிறுமியைக் கொன்றதும் ஒன்று. அந்த வழக்கில் நீதிமன்றம் வெகுகாலம் முன்பே வேறொருவருக்குத் தண்டனை கொடுத்து முடித்திருந்தது. செய்யாத கொலைக்காக 20 ஆண்டுகள் சிறையில் இருந்த அந்த மனிதரை, 2020 டிசம்பரில் மறுவிசாரணை நடத்திய நீதிமன்றம் நிரபராதி என்று விடுவித்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டது.