செம்பைத் தேய்த்த கை

நாவிதர் ஒருவரின் வீட்டு முற்றம், உச்சி வெயில் நேரம். பாதி வழி போய்த் திரும்பி வந்த ஓர் இளைஞன் அங்கிருந்த செம்பை எடுத்துத் தன் கையாலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறான். தானே கிணற்றில் நீர் இறைத்துக் குடிக்கிறான். பிறகு அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கித் தானே சமைத்துச் சாப்பிடுகிறான். ரவீந்திரநாத் தாகூரின் ‘கோரா’ நாவலில் சில வரிகளிலேயே முடிந்துவிடும் காட்சி இது. நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முடிவைத்தான் பேசுவார்கள். என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தச் செம்பு. தாழ்ந்தவர் என்று தன் சாதி சொல்லும் ஒருவரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் துணிந்துவிட்டான். துணிந்தவன் ஏன் செம்பைத் தேய்த்தான்?

‘பிரபாசி’ இதழில் 1907 முதல் தொடராக வந்து, 1910இல் நூலான கதை. கோரா தன்னைப் பிராமணன் என்று நம்பி வளர்ந்தவன். ஆங்கிலேயன் இந்து சமயத்தைப் பழிப்பதைப் பொறுக்க மாட்டாமல், அந்தச் சமயத்தின் ஆசாரங்களை ஒன்று விடாமல் கைக்கொள்ளத் தொடங்கியவன். லச்சுமியா என்ற கிறிஸ்தவப் பணிப்பெண் புழங்குகிறாள் என்பதற்காகப் தாயின் அறையிலேயே தண்ணீர் குடிக்காதவன். அவன் நாட்டைப் பார்க்கப் புறப்பட்டு கோஷ்பூர் என்ற ஊருக்கு வருகிறான். ஒரு நாவிதர் வீட்டைத் தவிர ஊர் முழுக்க முஸ்லிம்கள். அவுரித் தோட்டத் துரைமாரை எதிர்த்து நின்ற ஃபரு சர்தார் சிறையில் இருக்கிறான். அவன் மகன் தமீஸை நாவிதரும் அவர் மனைவியும் தம் பிள்ளையாக வளர்க்கிறார்கள். இதைக் கண்ட கோராவின் தோழன் ரமாபதிக்கு அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மனம் இல்லை. இருவரும் துரையிடம் வேலை பார்க்கும் ஒரு பிராமணரின் வீட்டை நோக்கி நடக்கிறார்கள். வழியில் கோராவுக்கு உறைக்கிறது: ஊரைக் கொள்ளையடிப்பவனின் வீட்டில் உண்டால் சாதி நிற்கும், அடிபட்டவன் பிள்ளையைக் காத்தவரின் வீட்டில் உண்டால் சாதி போய்விடும் என்றால் இது என்ன தர்மம்? ரமாபதி மேலே நடக்கிறான், கோரா தனியாகத் திரும்புகிறான்.

திரும்பியவன் முழுவதுமாகத் திரும்பவில்லை என்பதற்குத்தான் அந்தச் செம்பு சாட்சி. அறிவு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, கை இன்னும் வந்து சேரவில்லை. ஆசாரம் என்பது கருத்தாக மட்டும் இருந்தால் வாதத்தால் வென்றுவிடலாம். அது கைப்பழக்கமாக, குமட்டலாக, பாத்திரத்தைப் பார்த்தவுடன் விரல் தானாகத் தேடும் சாம்பலாக உடம்பில் இறங்கியிருக்கிறது. தாகூர் அந்த இடத்தில் விளக்கம் எதுவும் சொல்லாமல் கடந்து போவதை நான் பெரிய நேர்மையாக எண்ணுகிறேன். வெறும் பிரசாரம் எழுத வந்தவர் என்றால் நாவிதர் மனைவி கையால் சோறு வாங்கி உண்ண வைத்திருப்பார். அதைவிட முக்கியம், அந்தக் கிணற்றடியில் கோரா தன்னை இன்னும் பிராமணன் என்றே நம்புகிறான். இழப்பதற்கு அவனிடம் சாதி இருக்கிறது. இருந்தும் திரும்பி நடந்தான். நாவலின் உண்மையான திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

வழக்கமாகச் சொல்லப்படும் திருப்பம் வேறு. கோரா இந்துவே அல்லன். 1857 கலகத்தின்போது இட்டாவாவில் ஒரு வீட்டில் அடைக்கலம் புகுந்து, பிரசவித்த கையோடு இறந்துபோன, அயர்லாந்துக்காரர் ஒருவருடைய மனைவியின் பிள்ளை. வளர்த்த தந்தை கிருஷ்ணதயாள் நோயில் விழுந்த நாளில் இந்த உண்மை வெளிவருகிறது. அந்த ஒரு சொல்லில் கோராவின் குலம், கோத்திரம், சடங்குரிமை எல்லாம் கழன்று விழுகின்றன. அவன் அழவில்லை, விடுதலை அடைகிறான். இன்றுதான் தான் இந்தியன் ஆனதாக உணர்கிறான். வளர்த்த தாய் ஆனந்தமயியிடம் வந்து லச்சுமியாவின் கையால் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறான். அழகான முடிவுதான், படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. புத்தகத்தை மூடிய பிறகு ஒரு கேள்வி எழுகிறது: பிறப்பே இல்லை என்று ஆகிவிட்டவனுக்குப் பிறப்பைத் துறப்பதில் என்ன செலவு? கிணற்றடியில் அவன் கொடுத்த விலை இங்கே அவனிடம் கேட்கப்படவே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிறப்பு ரகசியம் இல்லாவிட்டால் கதையின் தர்க்கமே நிற்காது என்பார்கள். சாதி பிறப்பால் வருவது என்று யாரைவிடவும் உரக்க வாதாடியவன், தன் விதிப்படியே அந்தச் சாதிக்கு வெளியே நிற்கிறான். தத்துவம் தன்னைத்தானே தின்றுவிடுகிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிணற்றடி அனுபவம் கோராவை நிரந்தரமாக மாற்றிவிடவில்லை. அதன் பிறகு போலீசாரோடு மோதி ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன், சிறையில் தீட்டுப்பட்டதற்காகக் கங்கைக் கரையில் பெரும் பிராயச்சித்தம் செய்ய ஏற்பாடு நடத்துகிறான். அந்த நாளில்தான் உண்மை தெரிகிறது. ஆகவே மனிதன் தன் தெளிவால் மட்டும் மாறுவதில்லை, வெளியிலிருந்து ஓர் இடி விழ வேண்டியிருக்கிறது என்று தாகூர் சொல்வதாகவும் கொள்ளலாம். அப்படியானால் இடி விழாத கோடிக்கணக்கான மனிதர்களுக்கு வழி என்ன? ரமாபதிக்கு எந்தக் கிருஷ்ணதயாளும் வந்து நீ அயர்லாந்துக்காரன் என்று சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் 1901இல் வந்த கிப்ளிங்கின் ‘கிம்’ நினைவுக்கு வருகிறது. அவனும் அயர்லாந்து வம்சத்து அநாதை, லாகூர்த் தெருக்களில் வளர்ந்தவன். அவன் கழுத்துத் தாயத்தில் தகப்பன் விட்டுப்போன பத்திரங்கள் இருக்கின்றன; பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அவற்றில் ஒன்று. அந்தத் தாள்களைக் கண்டவுடன் பட்டாளத்துப் பாதிரிமார் அவனை வெள்ளையரின் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், முடிவில் அவன் ஆங்கில அரசின் உளவு வேலைக்குள் போய்ச் சேர்கிறான். கோராவிடம் தாள் எதுவும் இல்லை, வளர்த்தவர்களின் வாய்மொழி மட்டுமே. ஒரே அயர்லாந்து ரத்தத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பேரரசின் பக்கமும் மற்றவர் அதற்கு எதிர்ப்பக்கமும் போகிறார்கள். இரண்டு கதையிலும் பிறப்பைப் பற்றிய செய்திதான் நாயகனின் வழியைத் திருப்புகிறது என்பது மட்டும் மாறவில்லை.

இலங்கையில் பல்லேகம என்ற ஊர் இருக்கும் மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றில், பிறப்பைப் பற்றிய இதே விஷயம் தலைகீழாக நடந்திருக்கிறது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி, அதோடு ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை என்று டோரிங்டன் ஆளுநரின் அரசு நெருக்கியபோது 1848 ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். அவருடைய இயற்பெயர் டேவிட். கொழும்பை அடுத்த பேலியகொடையிலிருந்து வந்தவர். அவருடைய படைக்கு முன் நின்ற புரன் அப்பு, மொரட்டுவையில் பிறந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. மலைநாட்டு பௌத்த அரசை மீட்க எழுந்த கிளர்ச்சியின் இரு தலைவர்களும் கரைநாட்டவர்கள், அதில் ஒருவர் போர்த்துக்கேயக் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர். ஆகஸ்ட் 8இல் கண்டியில் புரன் அப்பு சுடப்பட்டார்; பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். இன்று இருவரும் தேசிய வீரர்கள். ஆனால் அன்று டேவிட் என்ற மனிதரின் பின்னால் ஜனங்கள் திரளவில்லை. கண்டி ராஜவம்சத்தவர் என்று சொல்லி ‘ஸ்ரீ விக்கிரம’ என்று தொடங்கும் அரசப் பெயரைச் சூடிய பிறகே திரண்டார்கள். கோராவுக்கு வம்சம் விழுந்தபோது நாடு கிடைத்தது, டேவிட்டுக்கு நாடு வேண்டுமென்றால் வம்சம் வேண்டியிருந்தது. அவர் சொந்தம் கொண்டாடிய அந்த வம்சத்தையும் பாருங்கள். கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர்கள். அவர்களில் கடைசியானவரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். பூர்விகம் என்று கைகாட்டிய இடமே கடலுக்கு அப்பால் இருந்து வந்தது.

சரியாக நூறு ஆண்டு கழித்து இதே மண்ணில் பிறப்பு மறுபடி விசாரிக்கப்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தீவில் பிறந்தவரிடம் கேட்டது இதுதான்: உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவனுக்குத் தகப்பனும் இங்கே பிறந்தார்களா? இந்தக் கேள்வி விழுந்தது இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மேல். மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து கண்டிச்சீமைக்கு வந்து, வழியிலேயே கணக்கில்லாமல் செத்து, மிஞ்சியவர்கள் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் உழைத்து லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள். பாட்டனின் பத்திரத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? ஏழு லட்சம் பேரளவில் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுத்தது. நாவலை வைத்துக்கொண்டு சட்டத்தைப் பேசுவது பொருந்தாது என்று சொல்லலாம். பொருந்துகிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வி. அந்தச் சட்டத்தின் அளவுகோலைக் கையில் எடுத்தால் கோராவும் தேறமாட்டான். இட்டாவாவில் பிறந்தவன்தான், ஆனால் தகப்பன் அயர்லாந்துக்காரன். ‘நீ இந்த மண்ணின் வம்சம் அல்ல’ என்ற செய்தி அவனுக்கு விடுதலையாக வந்தது. லயத்தில் இருந்தவருக்கு அதே செய்தி கப்பல் டிக்கெட்டாக வந்தது. கோராவால் அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ முடிந்ததற்குக் காரணம், யாரும் அவனை நாட்டைவிட்டு அனுப்பப்போவதில்லை என்பதும்தான்.

அதே மாத்தளை மாவட்டத்தில், பல்லேகமவின் பழைய நகரம் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. கடைத்தெருவும் அலுவலகங்களும் இருந்த இடத்தில் தண்ணீர். புதிய நகரம் வேறிடத்தில் எழுந்திருக்கிறது. இடம் மாறிய பின்னும் இந்த ஊர்க்காரர் இந்த ஊர்க்காரராகவே இருக்கிறார், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மண் நீருக்குள் போனாலும் போகாத உரிமை ஒருவருக்கு. மண்ணைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக் கொத்திய பின்னும் நெடுங்காலம் வராதிருந்த உரிமை இன்னொருவருக்கு. இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. சேர்ந்தவன் என்பது நிலத்திலும் இல்லை, உழைப்பிலும் இல்லை, சுற்றியிருப்பவர்களின் ஒப்புதலில் இருக்கிறது என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிவது.

அதனால்தான் கோஷ்பூர் நாவிதரிடமே திரும்பத் திரும்பப் போகிறேன். அவருக்கு எந்த ரகசியமும் இல்லை. நாவிதராகப் பிறந்தார், இந்துவாக இருக்கிறார், அவருடைய சாமியை அவர் கும்பிடுகிறார். இதில் எதையும் விடாமலே தமீஸை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். நாவலில் அவருக்குச் சில பக்கம்தான், நீண்ட வசனம் கிடையாது, தேசம் என்ற பேச்சே கிடையாது. இதற்கும் மறுப்பு உண்டு. அப்படிப்பட்ட தனிமனித ஈரத்தை நம்பி ஒரு நாட்டைக் கட்ட முடியாது, மாஜிஸ்திரேட் முன் போய் நின்று வாதாட அவரால் ஆகாது, அதற்குக் கோரா போன்ற ஒருவன் வேண்டும் என்பார்கள். உண்மைதான். துரையிடம் அச்சமில்லாமல் பேசும் கோராவின் படிப்பும் மிடுக்கும் அவருக்கு இல்லை. ஆனால் கோரா பேசியதால் கோஷ்பூர் தப்பிவிடவும் இல்லை, அவன்தான் சிறைக்குப் போனான். அதற்குள் ஒரு பிள்ளை நாவிதர் வீட்டில் சோறு தின்று வளர்ந்துகொண்டிருந்தான்.

தாகூருக்கே இந்த விஷயத்தில் மனம் அமைதியாக இருந்ததாகத் தெரியவில்லை. கோராவின் உருவத்தில் பிரம்மபாந்தவ உபாத்தியாயரின் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. பிராமணராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியாகி, பின் தீவிரத் தேசியவாதியாகி, ராஜத்துரோக வழக்கு நடக்கும்போதே 1907இல் இறந்தவர் அவர். கால் நூற்றாண்டு கழித்து, 1934இல் சாந்திநிகேதன் குழுவோடு இலங்கைக்கு வந்த தாகூர், கண்டியில் இருந்தபடி ‘சார் அத்யாய்’ நாவலை எழுதி முடித்தார். தேசத்தின் பெயரால் மனிதர்களைத் தின்னும் ஓர் இயக்கத்தின் கதை அது. அதன் முதல் பதிப்பின் முன்னுரையில் உபாத்தியாயர் மீண்டும் வருகிறார். 1910இல் தேசத்தை அவ்வளவு நம்பிக்கையோடு திறந்துவிட்டவர் எழுபதைத் தாண்டிய வயதில் அந்தக் கதவருகே மறுபடி வந்து நிற்கிறார்.

அதைவிட என்னை உறுத்துவது கோராவின் இன்னொரு முடிவு. நாவலை எழுதுவதற்கு முன்பே தாகூர் இந்தக் கதையைச் சகோதரி நிவேதிதைக்கு வாய்மொழியாகச் சொன்னார். அதில், கோரா அந்நியன் என்று தெரிந்தவுடன், அவன் விரும்பும் சுசரிதா அவனை மறுத்துவிடுகிறாள். அயர்லாந்தில் பிறந்து இந்தியாவுக்கே தன்னைக் கொடுத்திருந்த நிவேதிதையால் அந்த முடிவைத் தாங்க முடியவில்லை. எழுத்தில் அது மாறியது. சுசரிதா கோராவின் கையைப் பிடித்தாள். நிவேதிதையின் வேதனை எனக்குப் புரிகிறது, மாறிய முடிவையே நானும் விரும்புகிறேன். ஆனால் 1848ஐயும் 1948ஐயும் அருகில் வைத்துப் பார்க்கும்போது, முதலில் வாயில் வந்த கதைதான் மனிதர்களை உள்ளபடி அறிந்து சொன்னதோ என்ற சந்தேகம் வருகிறது. நாவிதரும் மனிதர்தானே என்று உடனே எதிர்வாதமும் வருகிறது. இரண்டில் எது விதி, எது விலக்கு என்பதை என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.