வலிக்காத கால்

பௌர்ணமி முடிந்த இரண்டு நாளைக்குத் திருவண்ணாமலையில் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்கு ஓய்வு கிடையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையே லிங்கம், ஆகையால் செருப்பு கூடாது என்பது மரபு. கொப்புளம், முள், கண்ணாடித் துண்டு என்று வருகிறவர்கள் "ஐயோ, மெதுவா மெதுவா" என்று அலறினால் எனக்கு நிம்மதி. சிரித்துக்கொண்டே காலை நீட்டுகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

சென்ற சித்திரையில் அப்படி ஒருவர் வந்தார். மளிகைக்கடை வைத்திருக்கிறார், நெடுநாள் சுகர். சாயங்கால வியாபாரத்தை விட முடியாது என்று உச்சிவெயிலில் தார்ச்சாலையில் நடந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ஈரக் காலடிகளைப் பார்த்து மனைவிதான் கூச்சல் போட்டிருக்கிறார். இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்து தொங்கியது. அவரோ, "அண்ணாமலையார் தூக்கிக்கிட்டே போனார்மா. ஒரு துளி வலி தெரியல" என்றார்.

நான் பிசியோதெரபிஸ்ட். சாமி காரியத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வலி எப்படிக் காணாமல் போகும் என்பது தெரியும். புண் ஆறியதும் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் கட்டைவிரலின் அடியைத் தொட்டேன். "தொட்டா சொல்லுங்க" என்றேன். நான் தொட்டு முடித்த பிறகும் அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

அந்த இழையை நான் பிடிக்கக் கற்றது வேலூர்ப் பக்கம், தொழுநோயாளிகளிடம். அங்கே மூத்தவர்கள் டாக்டர் பால் பிராண்டின் கதையைச் சொல்லாமல் யாரையும் விட மாட்டார்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பிய காலம். ஊர் அதைப் பூர்வஜன்ம வினை என்றது. பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்தார். கனலில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுக்கிறார்கள். இறுகிப்போன பூட்டைத் திறக்கும்போது விரல் கிழிந்தாலும் சாவியைத் திருகுவதை நிறுத்துவதில்லை. ராத்திரி எலி கடித்தால் விழிப்பதில்லை. அதற்காகவே வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். கிருமி நரம்பைக் கெடுத்தது. விரலை அழித்தது, கவனிக்காமல் விட்ட காயம். பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று ஊர் ஒதுக்கிவைத்த அந்த உடம்புகளுக்கு வலிதான் கிடைக்காமல் போயிருந்தது.

பிராண்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி யாரும் விரும்பாத கொடை என்று புத்தகமே எழுதினார். அவர் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு நடந்த ஒரு முயற்சி என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. மரத்துப்போன கைகால்களுக்குச் செயற்கையாக வலியை உண்டாக்கப் பார்த்தார்கள். அழுத்தம் அளவு மீறினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். சரி என்று மின்னதிர்ச்சி வைத்தார்கள். அவசர வேலை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். கடைசியில் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. நம் கைக்கு எட்டாத இடத்தில் சுவிட்ச் இருப்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது. உடம்பை அடக்கி ஆள்வதே பெரிய சாதனை என்று போதிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இருந்தும், வலி கடவுளின் கொடை என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதே மளிகைக்காரருக்கு ராத்திரியானால் பாதம் எரிகிறது. போர்வை பட்டாலே தாங்கவில்லை என்கிறார். ஆணி ஏறியதைச் சொல்லாத நரம்பு, ஒன்றுமில்லாத நேரத்தில் தீ, தீ என்று புளுகுகிறது. இந்த வலி எதையும் எச்சரிக்கவில்லை, எதையும் காப்பாற்றவுமில்லை. வலிக்கு ஒரு தெய்வ நோக்கம் உண்டு என்பவர் இந்த எரிச்சலுக்கும் நோக்கம் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் முற்றிப் படுத்திருப்பவரின் கட்டிலருகே நின்று சொல்ல வேண்டும். கர்மா என்பவர்கள் சொல்லிவிடுவார்கள். எதற்கும் பொருந்துகிற விடை என்பதுதான் அந்த விடையில் நான் காணும் குறை.

அடுத்த முறை வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "தீபாராதனை நேரத்துல கண்ணை மூடினா உடம்பு ஆடுதும்மா. அருள் வருதுன்னு பக்கத்துல இருக்கறவங்க சொல்றாங்க."

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுத்தபோது தொடு உணர்வை முதலில் வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் அது ஒன்றுதான் என்றார். அந்த வரிசையிலும் சரி, நாம் பள்ளியில் படித்த ஐம்புலன்களிலும் சரி, நிற்கிற அறிவுக்குத் தனி இடம் இல்லை. கால் எங்கே இருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைக் குனிந்து பார்க்காமலே தெரிந்துகொள்கிறோமே, அது. நிமிர்ந்து நிற்க உடம்பு மூன்று பேரைக் கேட்கிறது: கண், காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள், பிறகு உள்ளங்காலும் மூட்டும் தசையும். உள்ளங்கால் பேச்சை நிறுத்திவிட்டால் கண் ஈடுகட்டும். கண்ணையும் மூடினால் ஆள் ஆடத்தான் செய்வார்.

"முகம் கழுவும்போதும் ஆடுதா?" என்று கேட்டேன்.

"ஆமா, வாஷ்பேசினைப் பிடிச்சுக்குவேன்."

"வாஷ்பேசின்கிட்ட எந்தச் சாமி வருது?" என்றார் மனைவி.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ நான் நடந்தது கணக்குல வராதாம்மா?" என்றார்.

நியாயமான கேள்வி. அலகு குத்திக்கொள்கிறவரும் தீ மிதிக்கிறவரும் வலியைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டுவதற்கு முதலில் வலி வேண்டும். இவருக்குத் தாண்ட ஒன்றுமே இல்லை. நேர்த்திக்கடனின் மதிப்பு வலியில்தான் என்றால் இவருடைய கடன் அப்படியே நிற்கிறது. வலியை எடை போட்டு வாங்குகிற கடவுள் ஈட்டிக்காரர்தான். அப்படி ஒருவரைத் தேடியா இவர் மலையைச் சுற்றினார்? சுகரோடு, உச்சிவெயிலில், கடையை மூடிவிட்டு நடந்தார். அது கணக்கில் வரும் என்றேன். ஆனால் இனிமேல் செருப்போடு நடங்கள் என்றேன்.

"மலைமேல செருப்பா?" என்று பதறினார்.

பெரிய புராணம் படித்தவர்தான். கண்ணப்பர் என்ன செய்தார் என்று கேட்டேன். லிங்கத்தின் தலையில் இருந்த பூவைச் செருப்புக் காலால்தான் ஒதுக்கினார். வாயில் போட்டுச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார். அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் துடித்துப்போனார், சிவன் ஏற்றுக்கொண்டார். தன் முடிமேலேயே செருப்பை ஏற்றுக்கொண்ட சாமி, தார்ச்சாலையில் நடக்கும் மெத்தென்ற ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பையா தள்ளப்போகிறார்?

சுகர் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோளும் அதுவே. கிரிவலம் கிளம்புமுன் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மரத்திருந்தால் செருப்பில்லாமல் ஓரடியும் வைக்காதீர்கள். வெயில் இறங்கிய பிறகு நடங்கள். திரும்பியதும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். காயம் இருந்து அது வலிக்கவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.