ஹால் கட்டில்

மூன்று வருடம் ஹாலில்தான் படுத்தேன். சர்க்கரைக்காரன், ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறேன், மனைவியின் தூக்கம் ஏன் கெடவேண்டும் என்று காரணம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அந்தக் காரணம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

எனக்கு 58 வயது. ஆசை ஒரே நாளில் போய்விடவில்லை. வாரக்கணக்கு மாதக்கணக்காகி, பிறகு பண்டிகை மாதிரி ஆகி, ஒருநாள் உடம்பு மக்கர் பண்ண, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனதோடு நின்றது.

மூன்று மாதத்துக்கொருமுறை பார்க்கும் டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், கண்ணைக் காட்டச் சொல்வார். இதைக் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. காமத்துக்கென்றே 250 குறள் இருக்கிற மொழியில், இதைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று லாட்ஜில் அறை போட்டுக் கூப்பிட்டவர்கள் மட்டும்தான்!

கடைசியில் டாக்டரிடம் நானே கேட்டேன். சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்தே கெடுக்கும் என்றார். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் காரணமாகலாம். ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு முதலில் அங்கே தெரியும், அதனால் இதயத்தையும் பார்த்துவிடலாம் என்று ஈ.சி.ஜி. எழுதினார். மூன்று வருடம் நான் மானப்பிரச்சினையாக வைத்திருந்தது அவருக்கு இரண்டு வரி மருந்துச் சீட்டு.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நான்தான் உங்களுக்குச் சலிச்சுப்போயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் மாசாமாசம் வர்றது நின்னதிலேருந்து வலிக்குதுங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உள்ளே வறண்டுபோவது சகஜம், அதற்குப் பூசுமருந்து உண்டு என்பதெல்லாம் பிறகு பெண் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. 30 வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு!

பழையபடி ஆகவில்லை. பல இரவுகள் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதோடு சரி. அது எனக்குக் குறையாகவும் படவில்லை. ஹால் கட்டிலில் இப்போது துவைத்த துணிகள் கிடக்கின்றன.

கூச்சப்பட்டு மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு, விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் சொல்லுங்கள்.