இறுகியதை இளக்குதல்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் வேளையில், பக்தர்கள் தோல்பைகளிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மகிழ்கின்றனர். கூட்டத்தினிடையே நிற்கும் புகைப்படக்காரரின் கேமராவிலும் அந்நீர் தெறிக்கிறது. ஆற்று மணலும் ஒட்டிக்கொள்கிறது. லென்சின் முகப்பில் திருகப்பட்டுள்ள ஃபில்டர் வளையத்தின் மரைக்குள் இவை புகுந்துவிட்டால், நாளடைவில் அது அசையாமல் இறுகிவிடக்கூடும். அந்த மரை மிக நுண்ணியது. பெரும்பாலான ஃபில்டர்கள் ஒரு முழுச் சுற்றுக்கு முக்கால் மில்லிமீட்டரே நகரும். அத்துணை நெருங்கிய தடத்தை அடைத்துவிட ஒரு மணல் துகள் போதாதா?

இறுகிய வளையத்தைக் கண்டதும் நம் கை என்ன செய்கிறது? இரு விரல்களால் அழுத்திப் பிடித்து முறுக்குகிறது. மெல்லிய அவ்வளையமோ, பிடித்த இடத்தில் உள்ளொடுங்கி, மற்ற இரு பக்கங்களிலும் பிதுங்கி, லென்சின் மரையை முன்னிலும் வலுவாகக் கவ்விக்கொள்கிறது. விடுவிக்க வந்த கையே பூட்டும் கையாகிறது!

தொழில் அறிந்தவர்கள் வேறு வழியை நாடுவர். வளையத்தைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டித் திருப்புவர். அல்லது சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் வளையத்தை நேராக வைத்து, மெல்ல அழுத்திச் சுழற்றுவர். அழுத்தம் சுற்றளவு முழுவதிலும் சமமாகப் பரவுவதால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது, மரையும் இளகுகிறது. அவசரப்பட்டு எண்ணெய் விடுவதோ ஆபத்து. அது உள்ளே கசிந்து, ஒளித்துளையைத் திறந்து மூடும் மெல்லிய தகடுகளை ஒட்டச் செய்துவிடும்.

மனித உறவுகளிலும் இவ்வாறன்றோ நிகழ்கிறது? பாகப்பிரிவினையிலோ சீர்வரிசையிலோ மனம் முறிந்து, ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் உடன்பிறந்தாரை நாம் அறிவோம். திருமண வீட்டில் ஊரார் நடுவே நிறுத்தி, "இப்போதே கைகொடுங்கள்" என்று வற்புறுத்துகிறோம். கைகள் இணைகின்றன; நெஞ்சங்கள் இன்னும் இறுகுகின்றன. ஒரே இடத்தில் விழும் அழுத்தம் மனிதரையும் கோணலாக்கும்.

ஆனால், மென்மை ஒன்றே எப்போதும் போதுமா? 2009 மே மாதம், விண்வெளியில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற ஆண்ட்ரூ ஃபாய்ஸ்டல், 1993 டிசம்பரில் பொருத்தப்பட்ட கேமராவைக் கழற்ற முயன்றார். அதைப் பிடித்திருந்த போல்ட் அசையவில்லை. அது முறிந்தால் பழைய கேமரா அங்கேயே நின்றுவிடும். புதியதைப் பொருத்தவே முடியாது. கருவிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இறுதியில், முறிந்தால் நேரும் இழப்பை எண்ணிப் பார்த்த பின்னரே, கூடுதல் வலுவைச் செலுத்தினர். போல்ட் இளகியது. அங்கே வலிமை கோபத்தின் குழந்தையாக இருக்கவில்லை. மற்ற வழிகள் தீர்ந்தபின் வந்த முடிவாக இருந்தது.

எனினும் போல்ட் வேறு, மனிதர் வேறு. போல்ட் முறிந்தால் இழப்பு இன்னதென்று கணக்கிட முடிந்தது. ஒரு மனம் முறிந்தால் அதைக் கணக்கிடுபவர் யார்? அந்த இழப்பைச் சுமக்கப்போவது நாமா, பிறரா? வலுவைக் கையாளுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இதே கேள்வி பொறுமைக்கும் பொருந்தும். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனின் மனம் இளகட்டும் என்று அவளைப் பொறுத்திருக்கச் சொல்கிறோமே, அந்தப் பொறுமையின் விலையை யார் கொடுக்கிறார்? அடிபடுபவளே அன்றோ! அங்கே முதற்கடமை அவன் நெஞ்சைத் திறப்பதன்று, அவளைக் காப்பது. அதற்குக் காவல் நிலையமும் சட்டமும் தேவையெனில் நாடத்தான் வேண்டும். இறுகிய நெஞ்சை இளக்கக் காலம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தைப் பிறருடைய உடலிலிருந்து கடன் வாங்க நமக்கு உரிமையில்லை.