அடைக்கோழியின் செட்டை நிழலில்



நமதாண்டவர் தம் சிநேகத்தை நமக்கு விளக்கிக் காட்ட எத்தனையோ உவமைகளைத் தேர்ந்துகொண்டார். ஆட்டிடையன், விதைக்கிறவன், திராட்சைத் தோட்டக்காரன், காணாமற்போன காசைத் தேடும் ஸ்திரீ என்று அவை பலவாகும். ஆனால் பாடுபடுவதற்குச் சில நாட்களுக்கு முன், தம்மைத் தள்ளிவிட்ட ஜெருசலேம் பட்டணத்தை நினைத்து அவர் மனம் நொந்தபோது, அவர் திருவாயில் வந்த உவமை சிங்கமுமல்ல, கழுகுமல்ல. நம் வீட்டுக் கொல்லையில் குப்பையைக் கிளறித் திரியும் சாதாரணப் பெட்டைக்கோழிதான் அது! கோழி தன் குஞ்சுகளைச் செட்டைகளுக்குள் கூட்டிச் சேர்ப்பது போலத் தாமும் அந்நகரத்து மக்களைச் சேர்த்துக்கொள்ளப் பலமுறை விரும்பினதாகவும், அவர்களோ அதற்கு மனம் இசையவில்லை என்றும் அவர் முறையிட்டார். அர்ச். மத்தேயு 23-ம் அதிகாரத்திலும், அர்ச். லூக்காஸ் 13-ம் அதிகாரத்திலும் இதை வாசிக்கிறோம்.

முற்காலத்துப் பூசைப் புத்தகத்தில், டிசம்பர் 26-ல், முதல் வேதசாட்சியான அர்ச். முடியப்பர் திருநாளன்று இந்தச் சுவிசேஷப் பகுதியே வாசிக்கப்பட்டது. ஜெருசலேமுக்கு எதிரே ஒலிவ மலைச் சரிவில், ஆண்டவர் அந்நகரத்தைப் பார்த்து அழுததின் ஞாபகமாக 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட சிறு கோவில் ஒன்று உண்டு. அதன் பீடத்தின் முகப்பில், சிறகை விரித்துக் குஞ்சுகளை அணைத்து நிற்கும் கோழியின் உருவம் பதிக்கப்பட்டிருக்கிறது. திவ்விய பலிபூசை நிறைவேறும் பீடத்தில் கோழிக்கு இடம் கிடைத்ததைப் பாருங்கள்!

கொங்கு நாட்டாராகிய நமக்கு இந்த உவமையை விளக்க ஒரு பெரிய வேதசாஸ்திரி வேண்டியதில்லை. தோட்டத்துச் சாளையில் அடைக்குக் கோழி வைத்துப் பழகின எந்தத் தாயும் இதை அறிவாள். ஆகையால் இன்றைக்கு அந்த அடைக்கோழியையே நம் ஞானப் போதகியாக வைத்துக்கொண்டு, அதனிடம் மூன்று பாடங்களைப் படிப்போம்: இருத்தல், பொறுத்தல், அழைத்தல்.

முதலாவது: இருத்தல்.

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடிந்ததும் நாட்டுக்கோழியின் குணமே மாறிவிடுகிறது. கூட்டை விட்டு எழுந்திராது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும், கொத்தும். அப்போது வீட்டுக்காரம்மாள் ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒரு வாரத்துக்குள் இட்ட நல்ல முட்டைகளாகப் பொறுக்கி, இருட்டான மூலையில் அடை வைக்கிறாள். நம்முடைய சிறுவிடைக் கோழி ஒன்பது முதல் பன்னிரண்டு முட்டைகளைத் தாராளமாய் மூடிக்கொள்ளும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று சிலர் கூடையில் இரும்புத் துண்டும், அடுப்புக்கரியும், வற்றல் மிளகாயும் போடுகிறார்கள். பிரியமானவர்களே, குஞ்சு பொரிப்பது இரும்புமல்ல, மிளகாயுமல்ல. கோழியின் உடற்சூடே பொரிக்கிறது!

அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காகவே அதன் அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து, வெறுந்தோல் முட்டையின்மேல் படுகிறது. கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி சென்டிகிரேடு; முட்டைக்கு வேண்டியது ஏறக்குறைய 37.5 டிகிரி. இந்தச் சூடு 21 நாள் குறையாமல் இருக்கவேண்டும். நாளொன்றுக்குப் பலமுறை கோழி தன் அலகால் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. ஓரத்து முட்டையை நடுவுக்கும், நடு முட்டையை ஓரத்துக்கும் தள்ளுகிறது. புரட்டாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்தோலில் ஒட்டிக்கொண்டு சாகும். எந்த முட்டையும் எப்போதும் ஓரத்திலே கிடக்க அது விடுவதில்லை. பெற்றோரே, உங்கள் வீட்டில் எப்போதும் ஓரத்திலேயே கிடக்கும் பிள்ளை எது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்கும் சில தாய்மாரின் நெஞ்சு கலங்கும் என்று எனக்குத் தெரியும். "சாமி, நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறேனே, பிள்ளைகளைத் தனியே விட்டுப் போகிறேனே, நான் கெட்ட தாயா?" என்று கேட்கலாம். அம்மா, அடைக்கோழியும் கூட்டை விட்டு எழுந்து போகிறது! நாளுக்கு ஒருதரம், கால் மணி, இருபது நிமிஷம், இரை பொறுக்கவும், தண்ணீர் குடிக்கவும், புழுதியில் புரண்டு பேன் உதிர்க்கவும் வெளியே போகும். அதனால் முட்டைக்குக் கேடு வராது. போகாத கோழி பட்டினியால் இளைத்துக் கூட்டையே கைவிட்டுவிடும். போவது குற்றமல்ல. போன கோழி திரும்பி வருகிறதா என்பதே காரியம். எங்கேயோ மேய்ந்து மறந்துபோன கோழியின் முட்டைகளை உடைத்தால், பாதி உருவான குஞ்சுகளைக் காண்போம். அவை குளிர்ந்து செத்தவை.

வேலைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தபின் உண்மையாகவே வருகிறார்களா? உடம்பு திண்ணையில் உட்கார்ந்திருக்க, கண்ணும் மனமும் கைப்பேசிக்குள் போய்விட்டால், அது கூட்டில் உட்கார்ந்தும் சூடு கொடாத கோழியல்லவா? தகப்பன்மாரே, இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். சம்பாத்தியம் கூடைக்கு வைக்கோல். நீங்கள் இருப்பதே சூடு.

இரண்டாவது: பொறுத்தல்.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். விடுமுறைக்கு அம்மாயி வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு செங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இருபதாம் நாள் இரவு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தம் கேட்டது. எனக்கோ தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு முட்டையில் மிளகளவு ஓட்டை விழுந்து, சிறு அலகு ஒன்று தெரிந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன், மறுபடியும் வந்து பார்த்தேன், ஓட்டை பெரிதாகவில்லை. ஐயோ, குஞ்சு கஷ்டப்படுகிறதே என்று இரக்கப்பட்டு, கோழி எழுந்த சமயம் பார்த்து, நகத்தால் ஓட்டை உரித்துவிட்டேன். உட்தோலில் இரத்தம் கசிந்தது. ஈரக் குஞ்சு என் உள்ளங்கையில் இரண்டு தரம் தலையை அசைத்தது, பிறகு அசையவில்லை.

அம்மாயி என்னை அடிக்கவில்லை. குஞ்சை வாங்கித் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, "அது தானா வரோணுஞ் சாமி. நாம ஒடச்சா சாவும், அதுவா ஒடச்சாத்தான் பொழைக்கும்" என்று மட்டும் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவி சொன்னது எத்தனை சரி என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். ஓட்டில் முதல் துளை விழுந்தபின் குஞ்சு பல மணி நேரம் சும்மா கிடப்பது போலத் தோன்றும். உண்மையிலோ அந்நேரத்தில்தான் அது மூச்சு விடப் பழகுகிறது; உட்தோலின் நரம்புகளில் ஓடிய இரத்தத்தைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளுகிறது; மீதி மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளுகிறது. அந்த மஞ்சட்கருவே பிறந்த குஞ்சுக்கு இரண்டு நாள் கட்டுச்சோறு. நான் அந்தக் கட்டுச்சோற்றைப் பிடுங்கினேன். இரக்கம் என்று நினைத்துச் செய்தேன். அது பொறுமையில்லாமையாக இருந்தது.

சர்வேசுரனுடைய ஞானத்தை இங்கே இன்னும் கவனியுங்கள். கோழி பத்துப் பதினைந்து நாளாக ஒவ்வொன்றாய் முட்டையிட்டாலும், அது அடையில் உட்காரும்வரை கரு வளராமல் உறங்குகிறது. ஆகையால் முந்தி இட்டதும் பிந்தி இட்டதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிக்கின்றன. அப்படியும் சில குஞ்சுகள் ஒருநாள் தாமதிக்கும். முதலில் வந்த குஞ்சுகளுக்கு வயிற்றில் கட்டுச்சோறு இருப்பதால், தாமதிக்கும் தம்பிக்காகத் தாயும் குஞ்சுகளும் கூட்டிலேயே காத்திருக்க முடிகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளில் யாராவது தாமதமாய்ப் பொரிக்கிறவன் இருக்கிறானா? பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு, மார்க்குப் போதவில்லை என்று நகத்தால் உரிக்கிறீர்களா? அல்லது அவன் படவேண்டிய சிறு கஷ்டத்தையெல்லாம் நீங்களே பட்டு, அவன் சொல்லவேண்டிய மன்னிப்பையும் நீங்களே சொல்லி, அவன் ஓட்டை நீங்களே உடைக்கிறீர்களா? இரண்டும் ஒன்றே. சூடு கொடுங்கள், காத்திருங்கள், உடைக்கிற வேலையை அவனுக்கு விடுங்கள்.

மூன்றாவது: அழைத்தல்.

பொரிப்பதற்கு ஒருநாள் முன்னமே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கீச்சிடுகிறது. கோழியும் மெல்லக் கொக்கரித்து மறுமொழி சொல்லுகிறது. வெளிச்சத்தைக் காணுமுன்னே தாயின் குரலைக் குஞ்சு அறிந்துகொள்ளுகிறது. பிறகு இரை கண்டால் ஒரு குரல், பருந்து வட்டமிட்டால் வேறொரு குரல். பருந்துக்குரல் கேட்டதும் சிதறிக் கிடந்த குஞ்சுகள் பறந்தோடி வந்து செட்டைக்குள் ஒளிகின்றன.

நம் ஜில்லாக்களில் இப்போது யந்திரங்களும் குஞ்சு பொரிக்கின்றன. பல்லடம், உடுமலைப் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்தும், நாமக்கல்லில் முட்டைப் பண்ணையில் உழைத்தும் எத்தனையோ குடும்பங்கள் நேர்மையாகப் பிழைக்கின்றன. அதில் குறையொன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை அறியுங்கள். முட்டை அதிகம் கிடைக்கும்படி, அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால், அந்த வெள்ளைக் கோழிகளில் பெரும்பாலானவை அடைகாக்கும் குணத்தையே இழந்துவிட்டன. யந்திரம் சூடு கொடுக்கும், புரட்டியும் கொடுக்கும், கூப்பிடாது. பிரியமான குடும்பங்களே, வரவை மட்டும் கணக்குப் பார்த்துப் பார்த்து, அடைகாக்கும் குணத்தை நாமும் ஒரு தலைமுறையில் இழந்துவிடக் கூடாது!

இப்போது ஆண்டவருடைய முறைப்பாட்டின் கடைசிப் பாகத்துக்கு வருகிறோம். பூனை தன் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிப்போகும். கோழிக்கு அப்படித் தூக்க வாயுமில்லை, கையுமில்லை. அது அழைக்கலாம்; செட்டையை விரிக்கலாம்; அவ்வளவுதான். வருவது குஞ்சின் காரியம். ஆண்டவர் கோழியைத் தெரிந்துகொண்ட காரணம் இதுவே என்று நினைக்கிறேன். சர்வவல்லபராகிய அவர், நம் மனதை மீறி நம்மைக் கவ்வித் தூக்குவதில்லை. அழைத்தார், அவர்கள் வரவில்லை. சில நாட்களுக்குப் பின் அதே பட்டணத்துக்கு வெளியே சிலுவையில் இரு கரங்களையும் விரித்தார். அந்தச் செட்டைகள் இன்றும் மூடப்படவில்லை.

இந்தப் பங்கில், பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான், கோவிலை மறந்துவிட்டான், போன் செய்தாலும் எடுப்பதில்லை என்று கண்ணீர் விடும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு இன்று ஒரு வார்த்தை சொல்லுகிறேன். உங்கள் செட்டை வெறுமையாக இருப்பது, நீங்கள் சிநேகிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியல்ல. சேசுநாதருடைய செட்டையும் வெறுமையாக இருந்தது. நீங்கள் கூப்பிடுவதை நிறுத்தாதேயுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதேயுங்கள். இதைப் படிக்கும் பிள்ளைகளே, பருந்து மேலே வட்டமிடுகிறது. உங்கள் தாயின் குரல் இன்னும் கேட்கிறது. இன்றைக்கே திரும்பிப் போங்கள், அல்லது போனிலாவது பேசுங்கள்.

நிற்க. செட்டை பருந்தைத் தடுக்கும், வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. ஆகையால் குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கால்நடை மருந்தகத்தில் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளுகிறோம். அப்படியே வீட்டுச் சிநேகத்தோடு ஞானோபதேசமும் வேண்டும். ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள்.

இனி நம் தீர்மானம். அடைகாலம் 21 நாள். இன்று தொடங்கி 21 நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டு மூடிவிட்டு, கால் மணி நேரம் குடும்பமாக உட்கார்ந்து, செபமாலையில் ஒரு பத்துமணியாவது சொல்லுங்கள். ஷிப்டுக்குப் போயிருக்கிறவர்களின் பெயரையும், தூரமாய்ப் போன பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. முட்டையும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இருபது நாளும் ஒரே முட்டையாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே உயிர் வளர்ந்துகொண்டிருக்கும்.

தேவசுதனைத் தம் மடியில் அணைத்து வளர்த்த பரிசுத்த கன்னிமாமரியாள், நம்முடைய குடும்பங்களையெல்லாம் அவருடைய செட்டைகளின்கீழ் கூட்டிச் சேர்ப்பார்களாக. ஆமென்.