செஞ்சோற்றுக் கடனும் ஆட்குறைப்பும்

பெரிய கம்பனியொன்றில் ஆட்குறைப்பு வரவிருக்கின்றது என்ற செய்தி காதோடு காதாகப் பரவுகின்றது. நிருவாகம் அதனை உறுதிப்படுத்தவுமில்லை; மறுக்கவுமில்லை. அங்கு பணிபுரியும் ஒருவர், மேலதிகாரி அறியாவண்ணம் பிற நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கின்றார். நேர்முகப் பரீட்சைகளுக்குச் செல்கின்றார். வேலை கிடைத்தால் ஏற்பாரா என்பது அவருக்கே தெளிவில்லை. தொழிற் சந்தையில் தமது பெறுமதி யாதென அறிய முற்படுகின்றார். இச்செயல் விவேகமா, துரோகமா? மேலோட்டமாக நோக்குவோருக்கு இது அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆயின், நன்றியும் கடமையும் கூலி உறவினுள் எப்பொருள் பெறுகின்றன என்ற பெருவினா இதனுள் அடங்கியுள்ளது.

இத்தகையோரைக் குற்றங்காணும் தமிழ் மனம் பெரும்பாலும் செஞ்சோற்றுக் கடன் என்ற கருத்தையே அளவுகோலாகக் கொள்கின்றது. கர்ணனும் கும்பகர்ணனும் தோல்வியை எதிர்நோக்கிய நிலையிலும் தம்மை ஆதரித்தோரை விட்டு நீங்கவில்லை. எனினும், அவ்வுறவு ஒருவழிப்பட்டதன்று. அவையிற் கர்ணன் இழிவுபடுத்தப்பட்டபோது துரியோதனன் அவனுக்கு அங்கநாட்டை அளித்தான். இறுதிவரை அவனைக் கைவிடவுமில்லை. கூலி உறவின் இயல்பு வேறு. மாதமுடிவிற் பெறும் வேதனம், முடிந்த மாதத்து உழைப்பின் விலையாகும். உழைப்புக் கொடுக்கப்பட்டது; விலை பெறப்பட்டது. எஞ்சி நிற்கும் கடன் யாதுமில்லை. சந்தை விதியால் ஆளப்படும் உறவொன்றிலே, ஒரு தரப்பு மட்டும் நிலமானிய காலத்து விசுவாசத்தைப் பேணவேண்டும் எனக் கோருதல் நீதியாகாது.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை இதனை நன்கு விளக்குகின்றது. மொன்ரானா தவிர்ந்த மாநிலங்களில், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, சட்டம் விலக்காத எக்காரணத்துக்காகவும், காரணமின்றியும்கூட, இரு தரப்பாரும் வேலையுறவை முடித்துக்கொள்ளலாம் என்பதே பொதுவிதி. 1988ஆம் ஆண்டுச் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் பெருந்தொகையினரை நீக்குமுன் 60 நாள் அறிவித்தல் தரவேண்டுமென்கின்றது, நீக்குதலைத் தடுப்பதில்லை. கூகிளின் தாய்க் கம்பனியான அல்பபெற், 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,000 கோடி டொலர் இலாபமீட்டியது. 2023 சனவரியில் ஏறத்தாழ 12,000 பேரை நீக்கும் முடிவை அறிவித்தது. கம்பனி தழைத்தால் ஊழியரும் தழைப்பர் என்ற நம்பிக்கைக்கு இது தக்க மறுமொழியாகும். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதன் வரம்புக்குட்பட்ட ஊழியரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதத்தை அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதியை வேண்டுகின்றது. இத்தகைய காப்பு இல்லாதவிடத்து, வேலை தேடுதலே ஊழியரின் காப்பாகின்றது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். பிறர் அறம் வழுவினார் என்பதால் தாமும் வழுவுதல் தகுமா? தகாது. ஆனால் இங்கு வழு எதுவுமில்லை. வேறு வேலை நாடமாட்டேன் என அவர் வாக்களிக்கவில்லை. எனவே வாக்கு முறிவுமில்லை. அவர் கடமைப்பட்டது நேர்மையான உழைப்புக்கு. இறுதி நாள்வரை அதனை அவர் வழங்கவேண்டும். சுகவீனம் எனப் பொய்யுரைத்து நேர்முகப் பரீட்சைக்குச் செல்வாராயின் பொய்யே குற்றம், தேடல் குற்றமன்று. தமக்குரிய விடுமுறையைக் காரணங் கூறாது பெறுதல் பொய்யன்று. இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூல், மனிதரை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று வற்புறுத்தியது. இக்கட்டளை ஊழியரையும் பிணிக்கின்றது. ஏற்பதில்லை என முன்னரே தீர்மானித்துவிட்டு, தற்போதைய வேதனத்தை உயர்த்தும் நெம்புகோலாக மட்டும் இன்னொரு நிறுவனத்தின் அழைப்பைப் பயன்படுத்துவோர், அங்குள்ளோரை வெறுங் கருவியாக்குகின்றனர். தீர்மானமின்றிச் செல்பவரின் நிலை அத்தகையதன்று. தீர்மானிப்பதற்கே அவர் செல்கின்றார்.

எனினும், வினா இத்துடன் முடிவதில்லை. நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான கணக்கைத் தீர்த்த பின்னரும், ஊழியருக்கும் ஊழியருக்கும் இடையிலான கணக்கு எஞ்சுகின்றது. பொருளியல் அறிஞர் அல்பேட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், நலிவுறும் அமைப்பொன்றில் இருப்போருக்கு விலகல், குரல் என இரு வழிகள் உண்டென்றார். நலிவை நன்குணர்வோரே முதலில் விலகுவதால், எஞ்சியோரின் குரல் மெலிகின்றது. ஆற்றலுள்ளோர் ஓசையின்றி வெளியேற, வேறெங்கும் எளிதிற் சேரவியலாத முதிய ஊழியரும், பிள்ளைகளின் படிப்பை இடைநிறுத்தி இடம்பெயர முடியாதோரும் ஆட்குறைப்பைத் தனித்து எதிர்கொள்கின்றனர். அமெரிக்காவில் எச்-1பி விசாவிற் பணிபுரியும் வெளிநாட்டவரின் நிலை இன்னும் கடினமானது. வேலையிழந்தால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறொரு நிறுவனத்திற் சேரவேண்டும். அல்லது விசா நிலையை மாற்றவேண்டும். இன்றேல் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவர் அத்தகையவராயின், வெற்றிடங்கள் பற்றித் தாம் அறிந்ததை அவருக்கு மறைத்தல், மேலதிகாரிக்கு மறைப்பதினும் பாரதூரமானது.

ஆகவே, விசுவாசம் என்ற சொல்லைக் கைவிடவேண்டியதில்லை. அது சேரவேண்டிய இடத்தை அறிந்தாற் போதும். கணக்கேடு நன்றியுணராது. ஒன்றாக உழைத்த மனிதர் உணர்வர். தமக்கென ஒரு கதவைத் தட்டுபவர் துரோகியல்லர். அக்கதவு திறந்தபின், பின்னால் நிற்பவருக்கு அதைச் சாத்திவிட்டுச் செல்கின்றாரா என்பதிலேயே அவரது அறம் சோதிக்கப்படுகின்றது.