பாலையில் யார் தோழன்?

பாலை நிலத்துக்குப் பிரிவை உரிப்பொருளாக்கினர் நம் இலக்கணத்தார். அந்தப் பாலையையே நாடி, பிரியா நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பும் காலம் இது! அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புப் படுகை. மேற்கே 3,368 மீட்டர் உயர்ந்து நிற்கும் டெலஸ்கோப் சிகரம். புழுதிப் பாதைகளிலே ஜீப்பேறிச் சுற்றுவோர் சிலர். மலைத் தடங்களிலே கால் வலிக்க ஏறி மகிழ்வோர் சிலர். மகிழட்டும்! உலகைக் காண விழைவது உயர்ந்த விழைவு. ஆனால், கூடிச் சென்றோர் அனைவரும் தோழர்கள்தாமா?

விடை அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1849-ஆம் ஆண்டு, பொன் தேடிக் கலிபோர்னியா நோக்கிச் சென்ற வண்டிக் கூட்டத்தாருள் சிலர், குறுக்குவழி உண்டென்ற பேச்சை நம்பித் தெரிந்த பாதையைக் கைவிட்டனர். ஆண்டின் இறுதியிலே அந்தப் பள்ளத்தில் சிக்கினர். உணவு குறைந்தது. வண்டி இழுத்த மாடுகளையே அடித்துத் தின்னும் நிலை வந்தது. தனியாட்கள் பலர் தத்தம் வழியே நடந்தனர். அவர்களைப் பழிக்க நமக்கு மனமில்லை. உயிர் யாருக்கும் வெல்லமன்றோ! பென்னட், ஆர்க்கேன் குடும்பத்தார் அப்படி நடந்துவிட முடியவில்லை. அவர்களிடம் நான்கு குழந்தைகள்.

வில்லியம் லூயிஸ் மான்லி, ஜான் ரோஜர்ஸ் எனும் இருவர், உதவி கொணர்வதாகச் சொல்லிப் புறப்பட்டனர். உறவினர் அல்லர், வழித்துணைவர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து, மலைகள் கடந்து, பசும்புல் வெளியையும் பண்ணை வீட்டையும் கண்டனர். உணவு கிடைத்தது; நிழல் கிடைத்தது; உயிர் நிலைத்தது. இனி?

திரும்பாதிருந்தால் கேட்பார் யார்? சட்டம் இல்லை. சாட்சி இல்லை. எனினும் திரும்பினர்! கொணர்ந்த குதிரைகளை வழியிலே இழந்தனர். ஒரே ஒரு கோவேறு கழுதை மிஞ்சிற்று. 15 நாட்களில் வருவோம் என்றவர்கள் வந்து சேர 26 நாட்களாயின. காத்திருக்க மாட்டாமல் சிலர் போய்விட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரின் உடல் வழியிலே கிடந்தது. இரு குடும்பங்களும் காத்திருந்தன. சட்டைகளைத் தைத்துப் பையாக்கி, மாட்டின் இருபுறமும் தொங்கவிட்டு, சின்னஞ்சிறு குழந்தைகளை அதில் வைத்து வெளியேறினர், பிழைத்தனர்.

"விதி காத்தது" என்பர் சிலர். வழியிலே மடிந்தவரையும் அதே விதியின் கணக்கிலேயே எழுதுவர்! காத்தது விதியன்று, சொன்ன சொல்லுக்காகத் திரும்பி நடந்த நான்கு கால்கள்! மேலே ஒருவன் கணக்கு எழுதாவிட்டால் கீழே அறம் நில்லாது என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அங்கே குழந்தைகள் பசித்திருந்தன என்ற ஒரு காரணம் போதாதா? நம்பிக் காத்திருக்கும் மனிதரைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டுமா?

நல்ல நெஞ்சம் வேண்டும். அது மட்டும் போதாது, அறிவும் வேண்டும். வந்தவர்கள் மரணத்தின் பெயரைச் சூட்டிய அதே மண்ணில், டிம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஊற்றெங்கே என்று அறிந்திருந்தனர். கோடையிலே குளிர்ந்த மலைக்கு ஏறினர். 2000-ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய தாயகத்தின் ஒரு பகுதி சட்டத்தின் வழியே அவர்களிடம் திரும்பிற்று. ஒருவருக்குச் சாவின் பள்ளம், மற்றவருக்குத் தாய்வீடு. வேற்றுமை எங்கே? அறிவிலே!

ஆகவே, தோழர்களே, இன்று பயணம் புறப்படும் நண்பர் கூட்டத்தை நாம் கேட்பது இதுதான். 1913-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று 56.7 பாகை வெப்பம் பதிவான இடம் அது. கைப்பேசி பல இடங்களில் ஊமையாகிவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் அளந்து வைத்தீர்களா? எந்தப் பாதையில் செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடமாவது சொன்னீர்களா? நடையிலே பின்தங்கும் நண்பனை ஏளனம் செய்யாமல், அவன் நடையையே அனைவரின் நடையாகக் கொள்வீர்களா?

ஆம் என்றால், சென்று வாருங்கள்! சிகரத்தை எட்டாமலே திரும்பினாலும் குறையில்லை. சென்றவர் அனைவரும் திரும்பி வாருங்கள்!